வீட்டு வண்டி வாங்குமுன் பின்வாசலைப் பாருங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதியவையாக இருந்தும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள்ளே கொண்டதும், வட அமெரிக்காவில் ஆர்.வி. என்றும் நம்மிடையே கேம்பர் வேன் என்றும் சொல்லப்படுவதுமான வீட்டு வண்டியை வாங்கும்போது, விற்பவரின் சேவையை எவ்வாறு எடைபோடுவது, மேலதிகப் பணம் பெற்றுத் தரப்படும் நீடித்த உத்தரவாதத்தை எடுக்கலாமா என்பவையே அக்கேள்விகள். ஆகையால் இந்த இதழில் வேறெதையும் எடுத்துக்கொள்ளாமல் இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கனடாவில் பிரம்ரன் நகரில் வசிக்கும் என் மகன் மோட்டார் ஹோம் ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறான். அடுத்த கோடையில் நானும் மனைவியும் அங்கு போகும்போது பேரப்பிள்ளைகளோடு ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்பது அவன் ஆசை. விற்பனை நிலையத்தில் ஏழு ஆண்டுகளுக்கான நீடித்த உத்தரவாதத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கே கையொப்பமிட்டால்தான் அந்த விலை என்கிறார்களாம். என் சேமிப்பில் ஒரு பகுதியை அவனுக்குக் கொடுக்க எண்ணியிருப்பதால், “அப்பா, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்” என்று என்னிடம் விட்டுவிட்டான். எனக்கு வாகன விடயம் தெரியாது. அவனை எவற்றைக் கேட்கச் சொல்ல வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

பதில்: ஐயா, உங்கள் மகன் வாங்கப் போவது பார்வைக்கு ஒரு வண்டியாக இருந்தாலும், உத்தரவாதத்தைப் பொறுத்தவரை அது பல பேருடைய பொருள்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு வீடு என்பதை முதலில் அவருக்கு விளக்குங்கள். அடிச்சட்டமும் எஞ்சினும் ஃபோர்டு அல்லது மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற ஒரு நிறுவனத்துடையவை. அதன்மீது வீட்டைக் கட்டுபவர் வின்னபேகோ, ஜேக்கோ, ஃபாரஸ்ட் ரிவர் போன்ற வேறொருவர். குளிர்சாதனப் பெட்டி டொமெடிக் நிறுவனத்துடையதாகவும், மின்பிறப்பாக்கி கம்மின்ஸ் ஒனான் ஆகவும் இருக்கக்கூடும். டயருக்கு டயர்க் கம்பெனியே பொறுப்பு. இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பொருளுக்குத் தனித்தனி உத்தரவாதத் தாளையும் தனித்தனிக் காலத்தையும் வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பகுதிக்குப் பலர் ஓர் ஆண்டே கொடுக்கிறார்கள். ஜேக்கோ போன்ற சிலர் இரண்டு ஆண்டு கொடுக்கிறார்கள். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் அடிச்சட்டத்தைச் செய்தவர் தரும் காலம் பெரும்பாலும் இதைவிட நீண்டது.

இதனால் நேர்வது என்னவென்றால், வீட்டு வண்டியை விற்றவரிடம் எஞ்சின் கோளாறைச் சொன்னால் அடிச்சட்டக்காரரிடம் போகச் சொல்வார். அந்த நிறுவனத்தின் சாதாரணக் கார்ச் சேவை நிலையத்திலோ அவ்வளவு உயரமும் பாரமும் உள்ள வண்டியைத் தூக்கும் வசதி இல்லாமல் இருக்கலாம். ஆகவே, வீட்டுப் பகுதியை எங்கே திருத்துவது, எஞ்சினை எங்கே திருத்துவது என்ற இரண்டு முகவரிகளும் கையில் கிடைக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி விற்பனை நிலையத்தின் சேவையைப் பற்றிப் பார்ப்போம். பதினெட்டு ஆண்டுகள் ஒரு வாகன சேவை நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நிலையத்தின் உண்மையான குணம் கண்ணாடி போட்ட முன்கூடத்தில் தெரியாது. பழுதான வண்டிகள் நிற்கும் பின்வாசலில்தான் தெரியும். உங்கள் மகன் விற்பனையாளரோடு பேசி முடித்தபின், அவரிடம் சொல்லிக்கொள்ளாமல், வேறொரு நாளில் அந்த நிலையத்தின் சேவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, “கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, எப்போது கொண்டுவரலாம்?” என்று கேட்கட்டும். அடுத்த வாரம் என்று பதில் வந்தால் நல்லது. ஆறு வாரம், எட்டு வாரம் என்று வந்தால், “எங்களிடம் வாங்கியவர்களுக்கு முன்னுரிமை உண்டா?” என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். கனடாவில் இவ்வண்டிகளை ஓட்டும் பருவம் ஏறத்தாழ மே மாதத்தில் தொடங்கி ஒக்ரோபரில் முடிந்துவிடுகிறது. அந்த ஆறு மாதத்தில் இரண்டு மாதம் வண்டி பட்டறையில் நின்றால், இலவசமாகத் திருத்தித் தந்தாலும் அந்த ஆண்டு போனது போனதுதான். நீங்களும் அம்மாவும் விமானமேறிப் போயிருக்கும் கோடையில் அப்படி நிகழ்வதை நினைத்துப் பாருங்கள்.

அதன்பிறகு, சனிக்கிழமை காலை போன்ற ஆட்கள் கூடும் நேரத்தில் அவர் நேரிலே போய்ப் பட்டறைப் பக்கம் நடந்து பார்க்கட்டும். எத்தனை வண்டிகள் உதிரிப்பாகத்துக்காகக் காத்து நிற்கின்றன, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தங்கள் வண்டியை எடுக்க வந்திருப்பவர்களின் முகம் எப்படி இருக்கிறது என்பவற்றைக் கண்ணாலே காணலாம். காத்திருப்பவர் ஒருவரிடம், “எத்தனையாவது தடவை வருகிறீர்கள்?” என்று பணிவாகக் கேட்டால், விளம்பரத் தாள்கள் எவையும் சொல்லாத செய்தி கிடைக்கும். ஒரே கோளாறுக்கு மூன்றாம் தடவை வந்தவர்கள் இருவர் அங்கே இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த நிலையத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது என் முடிவு.

வட அமெரிக்காவின் வீட்டு வண்டிகளிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதியிலே கட்டப்படுகிறது. மரவேலை, குழாய் வேலை, மின்வேலை, எரிவாயு வேலை எல்லாம் ஒரே கூரையின்கீழ் வேகமாக நடப்பதால், புத்தம் புதிய வண்டியிலும் சிறு குறைகள் இருப்பது வழக்கம். அவற்றை வாங்குபவர் கண்டுபிடிக்குமுன் விற்பனை நிலையமே கண்டு திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் கையளிக்குமுன் செய்யும் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அதை அரைமணி நேரச் சடங்காக முடிக்க விடக்கூடாது. தண்ணீர்த் தாங்கியை நிரப்பி எல்லாக் குழாய்களையும் திறந்து பார்க்க வேண்டும். அடுப்பையும் வெப்பமூட்டியையும் எரியவைக்க வேண்டும். பக்கவாட்டில் வெளியே நீளும் அறை இருந்தால் அதைப் பலமுறை நீட்டி மடக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை முதல்நாளே போட்டுவைக்கச் சொல்லி மறுநாள் அதன் குளிரைப் பார்க்க வேண்டும். இதற்கு அரைநாள் தேவை. கண்ட குறைகளைத் தாளில் எழுதி, அவை திருத்தப்படும் திகதியோடு நிலையத்தாரின் கையொப்பத்தைப் பெற்ற பின்னரே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். பணம் முழுவதும் கைமாறிவிட்டால் அந்தத் தாளின் அவசரம் குறைந்துவிடும். விற்பனை நிலையத்தோடு தொடர்பில்லாத, இதற்கென்றே பயிற்சி பெற்ற பரிசோதகர்களும் வட அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன். பழைய வண்டி என்றால் அது கட்டாயம்.

நீடித்த உத்தரவாதத்துக்கு வருவோம். பெயர் உத்தரவாதம் என்றாலும், அது பெரும்பாலும் வண்டியைச் செய்தவர் தரும் வாக்குறுதி அல்ல; பணம் கொடுத்து வாங்கும் சேவை ஒப்பந்தம். அதை விற்பவர் ஒருவர், கோரிக்கை வரும்போது “சரி” அல்லது “முடியாது” என்று தீர்மானிக்கும் நிர்வாக நிறுவனம் இன்னொன்று, கடைசியில் பணத்தைக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் காப்புறுதி நிறுவனம் வேறொன்று. உங்கள் மகனிடம் இனிமையாகப் பேசும் விற்பனையாளருக்கு இரண்டாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ எந்த அதிகாரமும் இருக்கப்போவதில்லை. ஆகவே, நிர்வாக நிறுவனம் மூடப்பட்டால் கோரிக்கையை யார் ஏற்பார், அது ஒப்பந்தத்தில் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே முதற்கேள்வி. அந்த வரியைக் காட்ட முடியாவிட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

ஒப்பந்தத் தாளை வாசிக்கும்போது, எவை அடங்கும் என்ற பக்கத்தை விட்டுவிட்டு, எவை அடங்கா என்ற பக்கத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். இவ்வொப்பந்தங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெயர் குறிப்பிட்ட பாகங்களுக்கு மட்டும் பொறுப்பேற்பது. மற்றது, விலக்கப்பட்டவை என்று எழுதியவை தவிர எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. இரண்டாவது வகைக்கு விலை கூட. ஆனால் வீட்டு வண்டியில் ஆயிரம் சிறு பாகங்கள் இருப்பதால், எடுப்பதென்றால் அதுவே பயனுள்ளது. முதல் வகையில், பழுதான மோட்டாரின் பெயர் பட்டியலில் இருக்கும், அதை இயக்கும் மின்சுற்றுப் பலகையின் பெயர் இருக்காது. கோளாறு பெரும்பாலும் அந்தப் பலகையிலேதான் வந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வண்டியை அழிப்பது எஞ்சின் கோளாறு அல்ல, கூரையின் இணைப்புகளில் பூசிய பசை வெடித்து உள்ளே கசியும் மழைநீரே. மரச்சட்டம் உக்கி, சுவரின் வெளித்தகடு உப்பிக் கழன்றுவிடும். மிகப் பெரிய செலவு வரும் இந்த இடத்திலேதான் பல ஒப்பந்தங்கள் கைவிரிக்கின்றன. கசிவால் வந்த சேதம், பசை காய்ந்ததால் வந்த சேதம், குளிர்காலத்தில் குழாயில் நீர் உறைந்து வெடித்த சேதம், எலி கடித்த சேதம் ஆகியவை விலக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். கூரைப் பசையை ஆண்டுக்கு இத்தனை தடவை பார்த்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்ற நிபந்தனையும் பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கூரையைப் படமெடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்வது மகன் இன்றே தொடங்க வேண்டிய பழக்கம்.

கழிவுத் தொகை எனப்படும், திருத்தச் செலவில் நாமே கொடுக்க வேண்டிய பங்கையும் கவனிக்க வேண்டும். ஒரு வருகைக்கு ஒரு தடவை 200 டொலர் என்றால் நான்கு கோளாறுக்கும் சேர்த்து 200 டொலர்தான்; ஒவ்வொரு பாகத்துக்கும் 200 என்றால் அதே வருகையில் 800 டொலர் கையிலிருந்து போய்விடும். பட்டறைக்காரர் மணிக்கு வாங்கும் கூலியை ஒப்பந்தக்காரர் முழுமையாகக் கொடுக்கிறாரா, ஓர் எல்லைக்குமேல் மறுக்கிறாரா என்பதும் இத்துடன் சேர்ந்தது. எந்த வேலையையும் தொடங்குமுன் அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனை ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உண்டு. பாகத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்ற நிலையில், கழற்றிய பின் “இது அடங்காது” என்று சொல்லிவிட்டால் அந்தக் கூலியும் மகனுடைய தலையில் விழும்.

ஏழு ஆண்டு என்ற கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஏழும் வண்டி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்பட்டால், செய்தவருடைய இலவச உத்தரவாதம் ஓடும் காலத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்ததாகும். இன்னொன்று, இந்த ஒப்பந்தத்தை அன்றைக்கே வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. செய்தவருடைய உத்தரவாதம் முடிவதற்குள் வேறொருவரிடமும் விசாரித்து வாங்கலாம். விலையும் பேசிக் குறைக்கக்கூடியதே. கடனோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அதற்கு இணங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6,000 டொலர் ஒப்பந்தத்தை 8 சதவீத வட்டியில் 10 ஆண்டுக் கடனில் சேர்த்தால், கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 8,735 டொலர் ஆகிவிடும். ஒப்பந்தம் ஏழாம் ஆண்டில் முடிந்த பின்னும் மூன்று ஆண்டுகள் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

“இன்றைக்கே கையொப்பமிட வேண்டும்” என்பதை ஏற்க வேண்டாம். பிரம்ரன் நகர் அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில், விற்பனை நிலையத்தில் வாகனம் வாங்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின், மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டப்படி தானாகவே கிடைக்கும் அவகாச நாட்கள் இல்லை. ஆகவே யோசிக்க வேண்டியதெல்லாம் கையொப்பத்துக்கு முன்னரே. ஒப்பந்தத்தின் வெற்றுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தரும்படி கேட்கட்டும். தர மறுத்தால் அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், பின்வாசல் நன்றாக இருக்கும் நிலையத்தில் வண்டியை வாங்கி, ஒப்பந்தத்தை இப்போது விட்டுவிட்டு, அதற்குரிய தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, முதல் ஆண்டில் கோளாறுகள் எப்படி வருகின்றன என்று பார்த்தபின் தீர்மானிப்பதே உங்கள் சேமிப்புக்கு நீங்கள் செய்யும் மரியாதை. பெருந்தொகை திடீரென்று வந்தால் தாங்க முடியாத குடும்பம் என்றால் மட்டும், மேலே சொன்ன வரிகளையெல்லாம் பார்த்து, இரண்டாம் வகை ஒப்பந்தத்தை எடுக்கலாம்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பதற்காக, ரொயோட்டா ஹையேஸ் வேனில் படுக்கையும் அடுப்பும் சூரிய மின்தகடும் பொருத்திய வண்டியொன்றைப் பார்த்திருக்கிறேன். விற்பவர் கொழும்பில் இருக்கிறார். மூன்று ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் உத்தரவாதம் என்கிறார். நம்பி வாங்கலாமா?
– விடுதி உரிமையாளர், நிலாவெளி

பதில்: 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய பின்னர், இத்தகைய வண்டிகளைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதல்ல, வாடகைக்கு விடும் வண்டிக்கு அது செல்லுமா என்பதே. சொந்தப் பாவனைக்கு மட்டும் என்ற ஒரு வரி பல உத்தரவாதத் தாள்களில் இருக்கிறது. அந்த வரி இருந்தால், முதற் பயணிக்குச் சாவியைக் கொடுத்த நாளிலேயே உங்கள் மூன்று ஆண்டும் முடிந்துவிட்டதாக அவர்கள் சொல்லலாம். காப்புறுதியிலும் இதே நிலைதான். சொந்தப் பாவனைக்கான காப்புறுதியை வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால், விபத்து நடந்த அன்று கையில் ஒன்றும் இராது. இரண்டையும் எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே செய்த மாற்றங்கள் வண்டியின் பதிவுக்குப் பொருந்துகின்றனவா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிவதும் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது.

அடுத்தது தூரம். கொழும்புக்கும் நம் திருகோணமலைக்கும் இடையே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கோளாறான வண்டியை ஹபரணை, குருநாகல் வழியாகப் பாரவண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவு யாருடையது? திருகோணமலையில் எந்தப் பட்டறையிலாவது அவர்களின் அனுமதியோடு திருத்தலாமா? நம் கரையில் பயணிகள் வருவது ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரையே. யூலையில் வண்டி கொழும்பில் ஒரு மாதம் நின்றால், உத்தரவாதத்தால் மிச்சமாகும் காசைவிட வாடகையில் இழப்பது கூடுதலாக இருக்கும். என்னைக் கேட்டால், நம்மூரில் பார்க்க ஆளுள்ள ஓராண்டு உத்தரவாதம், கொழும்பில் மட்டும் பார்க்கும் மூன்றாண்டைவிட மேலானது.

அந்த மூன்றாண்டும் வேனுக்கா, உள்ளே பொருத்தியவற்றுக்கா என்பதையும் பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் மட்டுமே இருக்கும். சூரிய மின்தகட்டுக்கு 25 ஆண்டு என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது தகடு தரும் மின்சாரத்தின் அளவைப் பற்றிய வாக்குறுதி. தகட்டைப் பொருத்தக் கூரையில் போட்ட துளை வழியாக மழை இறங்கினால் அந்தத் தாள் உதவாது. துளைபோட்டவரின் பெயரில், வேலைத் திறனுக்கென்று தனி எழுத்து வேண்டும். பட்டரி, இன்வேர்ட்டர், குளிர்சாதனப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தொடரிலக்கம் குறித்த பற்றுச்சீட்டை உங்கள் பெயரிலேயே கேட்டுப் பெறுங்கள்.

நிலாவெளிக் காற்றில் உப்பு இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் விடுதியின் யன்னல் கொக்கிகளே சொல்லும். ஆனால் துருவை எந்த உத்தரவாதமும் தன் பொறுப்பாக ஏற்பது அரிது. அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்களா, மின்வயர் முனைகள் ஈயம் பூசியவையா என்று நம்மூர் மின்வேலையாள் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாருங்கள். முடியுமானால் வாங்குமுன் ஓர் இரவு அந்த வண்டிக்குள் படுத்துறங்குங்கள். விசிறி, விளக்கு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் போட்டபடி. விடியும்வரை பட்டரி தாங்கினால் விற்பவர் சொன்னதில் பாதியாவது உண்மை. கூரைமீது பத்து நிமிடம் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்ப்பதற்கும் விற்பவர் மறுக்கக்கூடாது. மார்கழி மழை அதைவிடக் கடுமையாக அடிக்கும்.

கேள்வி: உத்தரவாதக் காலத்தில் வண்டியை வெளிக் கராஜில் சேர்விஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா? முகவர் நிலையத்தில் செலவு அதிகமாக இருக்கிறது.
– வாசகர், கிண்ணியா

பதில்: அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மக்னசன்–மொஸ் உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது, அவற்றை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் அவ்வாறு கேட்கலாம். அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படியே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது அமெரிக்கச் சட்டம். உங்கள் கையிலுள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்தே இங்கு பேச்சைத் தொடங்க வேண்டும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மேலதிக உத்தரவாதத்தோடு ஒரு வேன் வாங்கினேன். ஒரு சேர்விஸை மட்டும், வேலை நெருக்கடியால், குறித்த தூரத்தைவிட 900 கிலோமீற்றர் கடந்தபின் வெளிக் கராஜில் செய்தேன். எண்ணெயும் வடிகட்டியும் சரியானவையே. அடுத்த ஆண்டு கியர்பெட்டி இரைச்சலிட்டபோது, அந்தப் பதிவைக் காட்டி முழுக் கோரிக்கையையும் மறுத்தார்கள். எஞ்சின் எண்ணெய்க்கும் கியர்பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஐந்து மாதம் அலைந்தபின் என் சொந்தக் காசில் திருத்தினேன். அன்று என் பற்றுச்சீட்டில் எண்ணெயின் தரமும் பாகத்தின் இலக்கமும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் வாதாட எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும். ஆகவே தாள் அனுமதித்தால் வெளிக் கராஜில் செய்யுங்கள். ஆனால் திகதி, ஓடிய தூரம், எண்ணெயின் தரம், வடிகட்டியின் இலக்கம் நான்கும் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் கராஜை விட்டு வெளியேற வேண்டாம். தாள் அனுமதிக்காவிட்டால், உத்தரவாதம் முடியும்வரை முகவர் நிலையத்தின் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கடந்த மாசியில் என் கணவர் கேம்பராக மாற்றிய வேன் ஒன்றை வாங்கினார். வாங்கி இரண்டு மாதமும் பத்து நாளும் ஆகின்றன. 12 வோல்ற் குளிர்சாதனப் பெட்டி இரவில் தானாக நின்றுவிடுகிறது. வேனை விற்றவர் பெட்டியைப் பொருத்தியவரைக் கேட்கச் சொல்கிறார். பொருத்தியவர் பெட்டியில்தான் பிழை என்கிறார். பெட்டியை விற்ற கடைக்காரர் வயர் வேலை சரியில்லை என்கிறார். மூவரும் உத்தரவாதம் உண்டு என்றே சொல்கிறார்கள். நாங்கள் யாரைப் பிடிப்பது?
– வாசகி, மூதூர்

பதில்: சகோதரி, முதலில் பிழை எங்கே என்பதை நீங்களே நிரூபித்துவிடலாம், அதற்கு ஒரு மின்வேலையாளும் ஒரு மீற்றரும் அரைமணி நேரமும் போதும். குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டரியின் முனைகளில் எத்தனை வோல்ற் என்று அளக்கச் சொல்லுங்கள். உடனே பெட்டிக்குள் வயர் நுழையும் இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வயர் மெல்லியதாகவோ இணைப்பு தளர்வாகவோ இருக்கிறது. கம்பிரசர் தொடங்கும் நேரத்தில் வோல்ற் இன்னும் தாழ்ந்து, பெட்டி தன்னைத்தானே காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அப்படியானால் பொறுப்பு பொருத்தியவருடையது. இரு அளவும் நெருங்கி இருந்து, இரண்டுமே விடியற்காலையில் தாழ்ந்திருந்தால், பட்டரி போதாது அல்லது பழுது. இரண்டும் நல்ல அளவில் இருந்தும் பெட்டி நின்றால் மட்டுமே பெட்டியில் பிழை. அளவுகளைத் திகதி, நேரத்தோடு எழுதி மின்வேலையாளின் கையொப்பத்தை வாங்கி, மீற்றர் காட்டும் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். இந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால் மூவரும் ஒருவரையொருவர் காட்டித் தப்ப முடியாது.

வேனையும் உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து ஒரே விலைக்கு உங்களுக்கு விற்றவர் ஒருவர் என்றால், அவர் தன் பொறுப்பை வேறொருவரிடம் தள்ளிவிட முடியாது என்பதே என் நிலைப்பாடு. விற்பவரின் பொறுப்பைப் பற்றி 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி முறையிட உங்களுக்கு வழி தருகிறது. ஆனால் அந்த முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்களிடம் எஞ்சியிருப்பது ஏறத்தாழ இருபது நாளே. மூவரும் வாய்மொழியாகச் சொல்லும் “பார்க்கலாம்”களுக்கு அந்த நாட்களைக் கொடுத்துவிட வேண்டாம்.

இந்த வாரத்திலேயே அளவுகளை எடுத்து, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, பதிலுக்கு ஏழு நாள் கொடுங்கள். அதன் பிரதி, பற்றுச்சீட்டுகள், உத்தரவாதத் தாள்கள், மின்வேலையாளின் அளவுத் தாள் ஆகியவற்றோடு முறைப்பாட்டை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் காலையில் அதைத் திருகோணமலை நகருக்குக் கொண்டுவந்து, அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை உங்கள் பிரதியில் வாங்குங்கள். வழி கேட்க வேண்டுமானால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதுவரை பெட்டியை யாரிடமும் கழற்றிக் கொடுக்காதீர்கள். கழற்றிய பின் வயரையோ பெட்டியையோ யாரும் பழைய நிலையில் அளக்க முடியாது.